தலைச்சன் பிள்ளைக்குக் காத்திருக்கும்போது எதை வாசிப்பது?

பாலக்கோட்டுக்கு அருகில் வசிக்கும் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. தலைப்பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் அவர், கடந்த நான்கு மாதங்களில் கர்ப்பகாலம் பற்றிய மொழிபெயர்ப்பு நூல் ஒன்றையும், கருவிலேயே பிள்ளையை அறிவாளியாக்கலாம் என்று சொல்லும் நூல் ஒன்றையும், கைப்பேசியில் கண்ணில் பட்ட கட்டுரைகள் பலவற்றையும் வாசித்திருக்கிறார். வாசிக்க வாசிக்கத் தெளிவைவிட அச்சமே மிகுந்துவிட்டது என்கிறார். மீதமுள்ள மாதங்களில் எதை வாசிக்கலாம், வாய்விட்டு வாசித்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்குமா, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தாய்வீட்டில் தெலுங்கும் புகுந்த வீட்டில் தமிழும் பேசப்படுவதால் எந்த மொழியில் வாசிப்பது, இரவில் வாசித்தால் கர்ப்பிணிக்குக் கண் கெடும் என்று மாமியார் சொல்வது சரியா என்பவை அவருடைய கேள்விகள். ஓசூரில் ஆலை வேலைக்குச் செல்லும் கணவரும் ஏதாவது வாசிக்க வேண்டுமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

நான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிராம சுகாதார செவிலியராக நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். சென்ற ஆண்டு என் மகள் தலைப்பிரசவத்திற்காக வீட்டுக்கு வந்திருந்தபோது, அவள் கொண்டுவந்த நூல்களையும் எனக்குப் பிடித்தமான பழைய நூல்களையும் இருவருமாக உட்கார்ந்து வாசித்தோம். பணியில் இருந்த காலத்தில் கவனிக்காத பலவற்றை அந்த வாசிப்பில்தான் கவனித்தேன். அவற்றில் முதன்மையானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள் ஏறத்தாழ எல்லோரும் பிரசவ நாள் வரைக்குமான பக்கங்களை மூன்று முறை வாசிக்கிறார்கள். அதற்குப் பின்வரும் பக்கங்களைப் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு வாசிக்க நேரமும் கிடைப்பதில்லை, மனமும் ஒருமைப்படுவதில்லை. ஆகவே பிரசவத்துக்குப் பிந்திய நாற்பது நாட்களைப் பற்றிய பகுதியை இப்போதே வாசித்துவிடுங்கள். அது ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் அச்சத்துக்கு ஒரு காரணம், நீங்கள் வாசித்த மொழிபெயர்ப்பு நூல் உங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று என்பதே. மேல்நாட்டு நூலில் வரும் உணவுகள் நம் சந்தையில் கிடைப்பதில்லை, அதில் வரும் மருத்துவமனை நடைமுறைகள் நம் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் இருப்பதில்லை. அதனால் நாம் செய்ய வேண்டிய எதையோ செய்யாமல் விட்டுவிட்டோம் என்ற குற்றவுணர்வு ஒவ்வொரு பக்கத்திலும் சேர்ந்துகொண்டே வருகிறது. மற்றொரு காரணம், ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் சிக்கலுக்கும் எல்லோருக்கும் வரும் நெஞ்செரிச்சலுக்கும் அந்த நூல்கள் ஒரே அளவு இடம் கொடுப்பது. நான் என் மகளுக்குச் சொன்ன அளவுகோல் எளியது: ஒரு பக்கத்தை வாசித்து முடித்ததும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்க ஒரு கேள்வி மனத்தில் எழுந்தால் அந்த நூலை வைத்துக்கொள், கேள்வி எதுவும் எழாமல் நெஞ்சு மட்டும் படபடத்தால் அதை மூடிவிடு. எழுந்த கேள்விகளை அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தாள். பரிசோதனை நாளன்று அந்த நோட்டைப் பார்த்துக் கேட்டபோது மருத்துவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

நீங்கள் முதலில் வாசிக்க வேண்டியது உங்கள் கையிலேயே இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த தாய் சேய் நல அட்டையைச் சொல்கிறேன். பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்ததற்கான அரசுப் பதிவெண், எழுதியிருப்பதால் அதைப் பத்திரமாகப் பையில் வைத்திருப்பீர்கள். நிதியுதவிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும் என்பதால் எல்லோரும் பத்திரமாகவே வைத்திருக்கிறார்கள், ஆனால் உள்ளே எழுதியிருப்பதை வாசிப்பவர்கள் மிகக் குறைவு. அது உங்கள் உடம்பைப் பற்றி மட்டுமே எழுதப்பட்ட நூல். ஹீமோகுளோபின் என்ற வரியைப் பாருங்கள். கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. இரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். 140-க்கு 90 என்ற எல்லையைத் தொட்டால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்களே, கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கண்டறியும் அந்தச் சோதனையின் எண் 140 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை என்ற வசதியுடன் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும் இந்த முறையை நாடெங்கும் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா. மலை கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துப் பசியோடு வந்து இறங்கும் கர்ப்பிணிக்கு அந்த வசதி எத்தகைய ஆறுதல் என்பதை நான் பல ஆண்டுகள் நேரில் பார்த்திருக்கிறேன்.

அட்டையில் உள்ள பிரசவத் தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டி அந்தத் தேதியைக் குறிக்கிறார்கள். அது 280 நாள், அதாவது 40 வாரம். 28 நாள் கொண்ட மாதமாக எண்ணினால் சரியாகப் பத்து மாதம். பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று நம் பாட்டிமார் சொன்ன கணக்கும் மருத்துவர் சொல்லும் கணக்கும் ஒன்றுதான். இது ஒன்பதாம் மாதமா பத்தாம் மாதமா என்று வீட்டில் எழும் வழக்குக்கு அடிப்படையே இல்லை. குறித்த தேதியிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரம் நிறைந்த பிறகு எந்த நாளில் பிறந்தாலும் அது நிறைமாதப் பிள்ளையே. இதை வாசித்துத் தெரிந்துகொண்டவர்கள், தேதி தாண்டிய மறுநாளே பதற மாட்டார்கள்.

எந்த மொழிபெயர்ப்பு நூலிலும் இல்லாத, ஆனால் நம் இரண்டு மாவட்டக் கர்ப்பிணிகளும் கட்டாயம் வாசிக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு: தண்ணீர். நம் பகுதியின் பாறையடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது. நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டுபவை. மஞ்சள் கோடு விழுந்த பற்களையும் முழங்கால் வளைந்த முதியவர்களையும் பார்த்துப் பழகிய நாம், அதைக் கர்ப்பத்தோடு இணைத்துப் பார்ப்பதில்லை. ஃபுளோரைடு குடலின் உட்சுவரைப் பாதித்து, உண்ட உணவின் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது; சத்து மாத்திரை விழுங்கியும் சிலருக்கு இரத்தம் ஊறாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். டெல்லியில் பேராசிரியர் ஏ. கே. சுசீலாவும் அவருடைய குழுவினரும் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபுளோரைடு மிகுந்த நீரையும் உணவையும் விலக்கிச் சத்துணவு உண்ட தாய்மார்களின் ஹீமோகுளோபினும் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் எடையும் கூடியிருந்தன. இதில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதே இந்தத் துன்பத்தைத் தீர்ப்பதற்காகத்தான். உங்கள் தெருக் குழாயில் ஒகேனக்கல் நீர் வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரைத் துவைக்கவும் குளிக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள்.

உணவைப் பற்றிய வாசிப்பிலும் நம் மண்ணின் செல்வத்தை நாமே மறந்துவிடுகிறோம். பாலாடைக்கட்டியும் இறக்குமதிப் பழங்களும் உண்ணச் சொல்லும் பக்கத்தை வாசித்துவிட்டு ஏங்கும் பெண்ணின் வீட்டுக் குதிரில் கேழ்வரகு நிறைந்திருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே. களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் வெட்கப்பட வேண்டிய உணவல்ல. அத்துடன் இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். ஒன்று மற்றொன்று உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இரும்பு மாத்திரை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் டீ குடிக்க வேண்டாம், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளலாம். மலம் கருப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான். அதைக் கண்டு பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டவர்களை நான் அறிவேன், அவர்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்லாததுதான் குறை. குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றும் என்று எங்கே வாசித்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பணத்துக்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

வயிற்றின் வடிவத்தைப் பார்த்தும், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாய் என்று கேட்டும், ஆணா பெண்ணா என்று சொல்லும் எழுத்துகளையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை பொய் என்று சொல்லிக் கடந்துவிட என்னால் முடியவில்லை. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதியில் இருந்த பெண் குழந்தைகள் 826. பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண் குழந்தைகளை அரசு ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கும் விரிவாக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான். எத்தனையோ பேருடைய உழைப்பால் அடுத்த கணக்கெடுப்பில் அந்த எண் தொள்ளாயிரத்தைத் தாண்டியது. பிள்ளை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தந்தையிடமிருந்து வரும் அணுவே என்பதையும், ஸ்கேனில் அதைக் கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் வீட்டில் உள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கையில் உள்ள நூல் எதுவாயினும் இதைச் சொல்லும் பக்கம் அதில் இருந்தால், சத்தமாக வாசிக்க வேண்டிய பக்கம் அது.

இனி வாய்விட்டு வாசிப்பதைப் பற்றி. கேட்கும், உறுதியாகக் கேட்கும். கரு ஆறாம் மாதத்தை ஒட்டி ஒலிக்கு அசையத் தொடங்குகிறது. உங்கள் பிள்ளை இப்போதுதான் அந்த வாசலுக்கு வந்திருக்கிறது. வெளியே ஒலிக்கும் குரல்கள் வயிற்றின் வழியாக மங்கிப் போய்ச் சேர்கின்றன; தாயின் குரலோ அவளுடைய உடம்பின் வழியாகவும் சேர்வதால் மற்றக் குரல்களைவிடத் தெளிவாகக் கேட்கிறது. ஆன்டனி டிகாஸ்பர், மெலனி ஸ்பென்ஸ் என்ற இருவர் 1986-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு என் மனத்தை மிகவும் தொட்டது. கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார்கள் ஒரு குறிப்பிட்ட குழந்தைக் கதையை நாள்தோறும் வாய்விட்டு வாசித்தார்கள். பிறந்த சில நாட்களில் அந்தக் குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒருவகையாகச் சப்பினால் அந்தக் கதையும் வேறுவகையாகச் சப்பினால் புதிய கதையும் ஒலிக்கும்படி அமைத்தார்கள். குழந்தைகள் பழைய கதை ஒலிக்கும் வகையிலேயே சப்பின; வாசித்தது வேறொருவரின் குரலாக இருந்தபோதும் அப்படியே. கதையின் பொருள் அவற்றுக்குத் தெரியாது. அதன் ஏற்ற இறக்கமும் சந்தமும் தெரிந்திருந்தன.

இந்த ஆய்விலிருந்து கருவிலேயே கணிதமும் மறைநூலும் கற்றுவிடலாம் என்று சொல்லும் நூல்கள் எழுந்திருக்கின்றன. நீங்கள் வாசித்த இரண்டாவது நூலும் அந்த வகையே. அபிமன்யு கதையை நான் விரும்பிப் படித்தவள்தான், ஆனால் அதைப் பாடத்திட்டமாக்கிக் கர்ப்பிணியின் தலையில் ஏற்றுவதை ஏற்க மாட்டேன். இன்று ஒரு நாள் மந்திரம் சொல்லத் தவறினேன், பிள்ளைக்கு அறிவு குறையுமோ என்று அழும் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அறிவு குறையாது. பிள்ளை அடையாளம் கண்டுகொள்வது உங்கள் குரலைத்தான்; பிறந்தவுடன் வெளிச்சமும் குளிரும் சத்தமும் சூழ்ந்த புதிய இடத்தில் அதற்குத் தெரிந்த ஒரே பொருள் அந்தக் குரல். அதற்காகவே வாய்விட்டு வாசியுங்கள். மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கர்ப்பத்தின்போது ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் நாட்டு மொழியான தகலோகும் பேசிய தாய்மார்களின் பிள்ளைகளைக் கனடாவில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். பிறந்து சில நாட்களே ஆன அந்தப் பிள்ளைகள் இரண்டு மொழிக்கும் ஒத்த ஆர்வம் காட்டின, இரண்டையும் வேறு வேறென்று பிரித்தும் உணர்ந்தன. ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்து வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் புழங்குவது பிள்ளைக்குச் சுமையாவதில்லை. அம்மா வீட்டில் தெலுங்குப் பாட்டும் மாமியார் வீட்டில் தமிழ்க் கதையுமாக இருக்கட்டும்.

எதை வாசிப்பது என்றால், சந்தமுள்ள எதையும் என்பேன். என் மகளும் நானும் மாலை வேளைகளில் பிள்ளைத்தமிழ் நூல்களிலிருந்து சில பாடல்களை வாசித்தோம். செவிலியராக இருந்தவளுக்கு அவற்றில் ஒரு தனி மகிழ்ச்சி கிடைத்தது. தொட்டில் பிள்ளையின் வளர்ச்சியை நம் புலவர்கள் மாதவாரியாகவே அடுக்கியிருக்கிறார்கள். ஐந்தாம் மாதத்துச் செங்கீரைப் பருவத்தில் பிள்ளை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது; ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் கை கொட்டுகிறது; பதின்மூன்றாம் மாதத்து வருகையில் தளர்நடையிட்டு வருகிறது; அதன்பின் அம்புலியில் நிலவைத் தன்னோடு விளையாட வரும்படி அழைக்கிறார்கள். பிள்ளை எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் அட்டையில் குறிக்கும் பட்டியலும் ஏறத்தாழ இதுவே. அந்தப் பட்டியலை அச்சத்தோடு பார்க்கும் தாய், இந்தப் பாடல்களில் அதையே ஆசையோடு பார்ப்பாள்.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றில் 92-ஆம் பாடல் மழலையைப் பற்றியது. மழலைச் சொல் யாழோடு ஒத்து இசைப்பதில்லை, காலத்தோடு பொருந்துவதில்லை, அதன் பொருளும் விளங்குவதில்லை. ஆனாலும் தந்தைக்கு அதனால் அருள் சுரக்கிறது, அப்படித்தான் என் சொல்லும் உனக்கு என்று அவர் அரசனிடம் சொல்கிறார். ஈராயிரம் ஆண்டுப் பழமையான அந்த ஆறு வரிகளை, அது பாடப்பட்ட அரசனின் ஊரிலேயே உட்கார்ந்து, வயிற்றில் பிள்ளையோடு இருந்த மகளுக்கு வாசித்துக் காட்டியபோது என் குரல் தழுதழுத்துவிட்டது. தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில் உரையோடு கூடிய பதிப்பு கிடைக்கும். கடினமாக இருந்தால் உரையை மட்டும் வாசித்தாலும் போதும்.

கணவருக்கு என்ன கொடுப்பது என்பதற்கும் விடை அங்கேயே இருக்கிறது. புறநானூற்றின் 100-ஆம் பாடல், அதியமான் தனக்குப் பிறந்த மகனைப் போர்க்கோலத்தோடு வந்து முதன்முதலாகப் பார்த்த காட்சி. கையில் வேல் இருக்கிறது, பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பெற்ற மகனைப் பார்க்கும்போதும் சிவப்பு ஆறவில்லை என்கிறார் ஔவையார். அவர் அதை வீரத்தின் புகழாகவே பாடினார். இரவுப் பணி முடிந்து சிவந்த கண்ணோடு ஓசூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் தந்தையரை நான் அந்தப் பாடலில் காண்கிறேன். அவர் அதிகம் வாசிக்க வேண்டியதில்லை. அட்டையில் அபாய அறிகுறிகள் அச்சிட்டிருக்கும் பக்கத்தை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், வலிப்பு, கடும் தலைவலி, முகமும் கையும் வீங்குதல், காய்ச்சல், பிள்ளையின் வழக்கமான அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். உங்கள் மாமியார் சொன்னதற்கும் இது தொடர்புடையது. வாசிப்பதால் கண் கெடாது; நல்ல வெளிச்சத்தில், முதுகுக்குத் தலையணை வைத்து, தூக்கம் கெடாத அளவுக்கு வாசிக்கலாம். ஆனால் தலைவலியோடு பார்வை திடீரென்று மங்கினால் அது வாசிப்பின் களைப்பாக இருக்காது. இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும். மாமியாரின் கவலையை அலட்சியம் செய்யாமல் இந்தப் பக்கத்தை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பிரசவத்தைப் பற்றிய அச்சம் குறைய, வரலாறு வாசிப்பது எனக்கு உதவியிருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்ததால் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதைக் கண்ட இளம்பெண் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து 1900-இல் வேலூருக்கு வந்தார்; 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். நம் மாவட்டத்தார் இன்றும் கடினமான நோய்க்கு வண்டி ஏறும் வேலூர் அதுவே. அந்த இரவிலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு ஓர் எண்: 2018-20 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இறந்த தாய்மார் 54 பேர். அந்த 54-ஐயும் ஏற்க முடியாதுதான். ஆயினும் நீங்கள் இரவில் கற்பனை செய்து நடுங்கும் அளவுக்கும் இதற்கும் இடையே மலையளவு தூரம். அறுவைப் பிரசவம் பற்றியும் ஒருமுறை அமைதியாக வாசித்து வையுங்கள். ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அப்படி நடக்கின்றன. ஏன் தேவை என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; தேவையென்று காரணம் சொல்லப்பட்டு அது நடந்தால் அதில் தோல்வி எதுவும் இல்லை.

இப்போது முதலில் சொன்னதற்கு வருகிறேன். பிள்ளை பிறந்த முதல் மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்கள் மட்டுமன்றி உடன் வரப்போகும் தாயும் மாமியாரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் அந்த நேரத்தில் நீங்கள் களைத்துக் கிடப்பீர்கள், முடிவெடுப்பவர்கள் அவர்களே. அந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும். மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பிள்ளைக்கு நோய் எதிர்ப்புத் தரும் முதல் மருந்து அதுவே. குடும்பத்தில் மதிப்புக்குரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் வைக்கும் சேனைச் சடங்கை அன்போடு மறுத்துவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். தெருவில் விற்றுவரும் கழுதைப்பாலும் வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை, நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் தேவையில்லை. பெரியவரை மறுப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்த அறையில் நின்றுகொண்டு மறுப்பதைவிட, இரண்டு மாதம் முன்பே வளைகாப்புப் பேச்சோடு பேச்சாக வாசித்துக் காட்டி, வேண்டுமானால் அந்தப் பெரியவர் கையால் பிள்ளையின் தலையைத் தொட்டு வாழ்த்தச் சொல்வது எளிது. பல வீடுகளில் நான் செய்த ஏற்பாடு அது.

தொப்புள்கொடியில் சாம்பலோ மஞ்சளோ பவுடரோ வைக்காமல் உலர விட வேண்டும் என்பதும், முதல் வாரத்தில் பிள்ளையின் எடை சற்றுக் குறைந்து பிறகு ஏறும் என்பதும், பிறந்தவுடன் போட வேண்டிய பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஆகியவையும் சில பக்கங்களில் முடிந்துவிடும் செய்திகள். எடை குறைவது இயல்பு என்று தெரியாததால், பால் போதவில்லை என்று முடிவுகட்டி மூன்றாம் நாளே பால்பவுடர் டப்பாவை வாங்குகிறார்கள். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும், டப்பா வந்தபின் சப்புவது குறைகிறது, உண்மையாகவே பால் குறைந்துவிடுகிறது. அதுபோலவே பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரையும் காயையும் குறைப்பது. பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில் அவளை ரசச்சோற்றில் நிறுத்துகிறோம்.

தாயின் மனத்தைப் பற்றிய பக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு நேர்வது. ஹார்மோன்கள் திடீரென்று இறங்குவதாலும் தூக்கம் கெடுவதாலும் வரும் அது, இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அடங்காமல் நீடித்தால், பிள்ளையைத் தூக்கவே விருப்பமில்லாமலோ வாழவே விருப்பமில்லாமலோ இருந்தால், அது மருத்துவம் தேவைப்படும் நோய். காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துச் சென்று நாட்களைக் கடத்திய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், அவர்கள் கையில் இந்த ஒரு பக்கம் இல்லை. 104 என்ற எண்ணிலும், டெலி மானஸ் எனப்படும் 14416 என்ற எண்ணிலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். அந்த இரண்டு எண்களையும் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் கணவர் கையால் எழுதச் செய்யுங்கள்.

வளைகாப்பு முடிந்து தேன்கனிக்கோட்டைக்குச் செல்லும்போது அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், கேள்வி நோட்டு நான்கையும் ஒரே பையில் வைத்து உங்கள் கையிலேயே கொண்டுபோங்கள், சாமான் மூட்டையோடு வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். போய்ச் சேர்ந்த வாரமே தாய்வீட்டுப் பகுதியின் செவிலியரைச் சந்தித்து, பிக்மி எண்ணைக் காட்டி, பிரசவம் இங்கேதான் என்று சொல்லிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் தாலாட்டுப் பாடத் தெரிந்த உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ அங்கே இருந்தால், கடைசி ஆறு வாரமும் நாளுக்கு ஒருமுறை அவர்களுடன் சேர்ந்து நீங்களும் பாடுங்கள்.